வாக்குப் பெட்டிகள் பேசிய ஆண்டு: 1977

வாக்குச்சீட்டு என்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு துண்டுக் காகிதம். விலை மதிப்பில் அது ஒரு காசும் பெறாது. ஆயினும் அரியணைகளை அசைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்று பள்ளிப் பாடநூல்கள் நமக்குக் கற்பிக்கின்றன. அக்கூற்று எவ்விடத்தில் உண்மை? எவ்விடத்தில் வெறும் உபசார வார்த்தை? இவ்வினாவுக்குத் தத்துவ நூல்களில் விடை தேடுவதைக் காட்டிலும், வரலாற்றின் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அவ்வாண்டில் உலகின் பல திசைகளிலும் மக்கள் இட்ட வாக்குகள் என்ன ஆயின என்று பார்ப்பது மிகுந்த பயன் தரும்.

அதற்கு வாய்த்த ஆண்டு 1977. ஹிஜ்ரி 1397-ஆம் ஆண்டோடு பெரும்பாலும் ஒத்துச் சென்ற அவ்வாண்டில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, இந்தோனேசியா, துருக்கி, மொராக்கோ, ஸ்பெயின், இஸ்ரேல், நெதர்லாந்து, அயர்லாந்து, கிரீஸ், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா எனப் பல நாடுகளில் பொதுத் தேர்தல்கள் நடந்தன. எகிப்திலும் வங்காள தேசத்திலும் ஜிபூத்தியிலும் ஆஸ்திரேலியாவிலும் பொதுமக்கள் வாக்கெடுப்புகள் நிகழ்ந்தன. எல்லா இடங்களிலும் மக்கள் வரிசையில் நின்றார்கள், பெட்டிகள் நிறைந்தன, எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது. ஆனால், ஒரே தோற்றமுடைய அச்செயல் ஓரிடத்தில் விடுதலையாகவும், ஓரிடத்தில் விலங்காகவும், மற்றோரிடத்தில் வெறும் சடங்காகவும் முடிந்தது. காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

டெல்லி: தோற்றவர் எழுந்து சென்றார்

1971-ஆம் ஆண்டுத் தேர்தலில் ரேபரேலித் தொகுதியில் பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரிடம் தோற்ற ராஜ் நாராயண், அத்தேர்தல் செல்லாது என்று வழக்குத் தொடுத்தார். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த 13-ஆம் நாள், ஜூன் 25 இரவில், நாட்டில் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறை சென்றனர். ஏடுகளுக்குத் தணிக்கை வந்தது. தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெற்றிடமாகவே விட்டு வெளிவந்த ஏடுகளும் உண்டு. தமிழகத்தில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.கழக அமைச்சரவை கலைக்கப்பட்டது.

வட மாநிலங்களில் நெருக்கடி நிலையின் கொடுமை ஏழைகளின் வாசலுக்கே வந்தது. 1976–77-ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைகள் நடந்தன. அவற்றுள் எத்தனையோ, அதிகாரிகளுக்கு விதிக்கப்பட்ட எண்ணிக்கையை நிறைவு செய்வதற்காக வற்புறுத்தி நடத்தப்பட்டவை. 1976 ஏப்ரலில், டெல்லி ஜாமிஆ மஸ்ஜிதுக்கு அண்மையிலுள்ள துர்க்மான் கேட் பகுதியில் குடியிருப்புகள் இயந்திரங்களால் இடித்துத் தள்ளப்பட்டன. எதிர்த்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் பல போயின. மறுநாள் ஏடுகளில் அதைப் பற்றி எழுதுவதற்கு வழியில்லை.

1977 ஜனவரி 18 அன்று தேர்தல் அறிவிப்பு வந்தபோது அதை நம்பியவர்கள் குறைவு. சிறையினின்றும் மீண்ட தலைவர்கள் சில நாட்களுக்குள் ஜனதா என்னும் பெயரில் ஒன்றுபட்டனர். பிப்ரவரி 2-இல் ஜகஜீவன் ராம் அமைச்சர் பதவியையும் காங்கிரஸையும் துறந்து வெளியே வந்தார். ஜாமிஆ மஸ்ஜிதின் ஷாஹி இமாம் அப்துல்லாஹ் புகாரி, ஜனதாவுக்கு ஆதரவாக ஊர் ஊராகப் பேசினார். நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட குடியரசுத் தலைவர் பக்ருத்தீன் அலீ அஹ்மத், அத்தேர்தலின் முடிவைக் காணாமலே பிப்ரவரி 11-இல் காலமானார்.

மார்ச் 16 முதல் 20 வரை வாக்குப் பதிவு. உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களிலும், பீகாரின் 54 இடங்களிலும் ஆளுங்கட்சிக்கு ஓரிடம்கூடக் கிட்டவில்லை. ரேபரேலியில், முன்பு வழக்குத் தொடுத்த அதே ராஜ் நாராயண், பிரதமரை 55,000-க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். மக்களவையின் 542 இடங்களில் ஜனதா 295 பெற, காங்கிரஸ் 154-இல் நின்றது. தென்னகமோ வேறு வழி சென்றது. ஆந்திரத்தில் 42-இல் 41 இடங்கள் காங்கிரஸுக்கே. தமிழகத்தில் அ.தி.மு.க.வும் காங்கிரஸும் சேர்ந்த அணி பெருவெற்றி பெற்றது. கேரளத்தில் அவ்வணியோடு நின்ற முஸ்லிம் லீகின் சார்பில் இப்ராஹீம் சுலைமான் சேட் சாகிபும், ஜி.எம். பனாத்வாலா சாகிபும் மக்களவை சென்றனர். அறுவை முகாம்களும் இடிப்பு இயந்திரங்களும் வடபுலத்தைப் போலத் தென்னகத்தை வதைக்காதது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒரே நாட்டு மக்கள் ஒரே தேர்தலில் இரு வேறு தீர்ப்புகளை எழுதினார்கள் என்றால், அவரவர் பட்டதை அவரவர் எழுதினார்கள் என்பதே பொருள்.

ஆயினும் 1977-இன் பெருஞ்செய்தி ஜனதாவின் வெற்றியன்று. மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை நீக்கப்பட்டது. 24-இல் மொரார்ஜி தேசாய் பிரதமரானார். படையும் காவலும் சட்டமும் தம் கையிலிருந்த ஓர் ஆட்சியாளர், எண்ணிக்கை முடிந்ததும் எழுந்து சென்றார். பெருஞ்செய்தி அதுவே.

இஸ்லாமாபாத்: இருந்ததையும் இழந்த கதை

டெல்லியில் வாக்குப் பதிவு தொடங்குவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர், மார்ச் 7 அன்று, பாகிஸ்தானில் பொதுத் தேர்தல் நடந்தது. பிரதமர் ஸுல்பிகார் அலீ பூட்டோ, தமக்கு எதிரே நிற்பவர்கள் ஒன்றுசேர மாட்டார்கள் என்று எண்ணி அத்தேர்தலை ஜனவரியில் அறிவித்தார். ஆனால் ஒன்பது கட்சிகள் ‘பாகிஸ்தான் தேசியக் கூட்டணி’ என்னும் பெயரில் கூடி, ஏர்க்கலப்பையைப் பொதுச் சின்னமாக ஏற்று, மௌலானா முஃப்தி மஹ்மூதின் தலைமையில் களம் இறங்கின.

முடிவு வந்தபோது நாடு திகைத்தது. தேசிய சட்டமன்றத்தின் 200 பொது இடங்களில் ஆளும் மக்கள் கட்சிக்கு 155, கூட்டணிக்கு 36. கூட்டணியின் கூட்டங்கள் கடலெனத் திரண்டிருந்த பஞ்சாபில் அதற்குக் கிடைத்தது ஒற்றை இலக்க இடங்களே. ஆளுங்கட்சியினர் 19 பேர் போட்டியின்றியே வென்றதாக அறிவிக்கப்பட்டது. அவர்களுள் பிரதமரும் ஒருவர். லர்கானாவில் அவரை எதிர்த்து மனுச் செய்யச் சென்றவரைக் காவல்துறை பிடித்து வைத்துக்கொண்டது. மனுச் செய்யும் நேரம் கடந்த பிறகே அவருக்கு விடுதலை.

மார்ச் 10-இல் நடந்த மாகாணத் தேர்தலைக் கூட்டணி புறக்கணித்தது. கிளர்ச்சி தெருவுக்கு வந்தது. நூற்றுக்கணக்கில் உயிர்கள் மாய்ந்தன. பூட்டோ மதுவையும் சூதாட்டத்தையும் தடை செய்தார். வெள்ளிக்கிழமையை வார விடுமுறை ஆக்கினார். மக்களின் வினாவோ வாக்கு எண்ணிக்கையைப் பற்றியது. கிடைத்த விடையோ மார்க்கத்தைப் பற்றியது. கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று ஆனபடியால் கிளர்ச்சி தணியவில்லை. ஏப்ரல் 21-இல் கராச்சி, லாகூர், ஹைதராபாத் நகரங்களில் இராணுவச் சட்டம் வந்தது. ஜூலையில் இரு தரப்பும் உடன்பாட்டை நெருங்கியிருந்த வேளையில், 5-ஆம் நாள் விடியுமுன் ஜெனரல் ஸியாவுல் ஹக் ஆட்சியைக் கைப்பற்றினார். 90 நாட்களில் தேர்தல் என்று அவர் வாக்களித்தார். அந்த 90 நாட்கள் எட்டாண்டுகளாக நீண்டன. 1985-இல் நடந்த தேர்தலும் கட்சிகளுக்கு இடமில்லாத தேர்தலே. பூட்டோ 1979 ஏப்ரல் 4 அன்று தூக்கிலிடப்பட்டார்.

வாக்குகளை நேர்மையாக எண்ணியிருந்தாலும் பூட்டோவின் கட்சியே வென்றிருக்கும் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. தமக்கு உரியதாகவே இருந்த வெற்றியை நம்பாமல், அதைப் பெருக்கிக்கொள்ள முயன்று, இருந்ததையும் இழந்த கதை இது. எண்ணிக்கையின் மீதுள்ள நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், அந்த வெடிப்பின் வழியே முதலில் உள்ளே நுழைவது துப்பாக்கிதான்.

ஒற்றைக் கேள்வியும் நூற்றை நெருங்கிய விடையும்

தேர்தலில் பல பெயர்களுள் ஒன்றைத் தெரிகிறோம். பொதுமக்கள் வாக்கெடுப்பிலோ ஒரே ஒரு கேள்வி. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பதே விடை. கேட்பதற்கு இது எளிது. ஆனால் கேள்வியை எழுதுபவர் யார் என்பதில்தான் அதன் சூட்சுமம் அடங்கியுள்ளது.

1977 ஜனவரி 18, 19 நாட்களில் எகிப்திய நகரங்கள் கொந்தளித்தன. அரசு மானியத்தைக் குறைத்ததால் ரொட்டி உள்ளிட்ட உணவுப் பொருள்களின் விலை ஏறியதே காரணம். அதிபர் அன்வர் ஸாதாத் விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றார். பிறகு, கிளர்ச்சிக்கும் வேலை நிறுத்தத்துக்கும் கடுந்தண்டனை விதிக்கும் ஆணை ஒன்றைப் பிறப்பித்து, பிப்ரவரி 10 அன்று அதை மக்கள் வாக்குக்கு விட்டார். 99 விழுக்காட்டுக்கு மேல் ‘ஆம்’ என்றது அதிகாரபூர்வ அறிவிப்பு. மூன்று வாரங்களுக்கு முன் தெருவில் இறங்கிய மக்கள், தெருவில் இறங்குவதையே குற்றமாக்கும் சட்டத்தை ஏறத்தாழ ஒரு குரலாக ஏற்றார்கள் என்று நாம் நம்ப வேண்டும்!

வங்காள தேசத்தில் மே 30 அன்று கேட்கப்பட்ட கேள்வி, அதிபர் ஸியாவுர் ரஹ்மான்மீதும் அவர் மேற்கொண்ட கொள்கைகள்மீதும் நம்பிக்கை உண்டா என்பது. 88 விழுக்காட்டினர் வாக்களித்ததாகவும், அவர்களுள் 98.9 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றதாகவும் அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு, 1978 ஜூன் 3-இல், அதே ஸியா அதிபர் தேர்தலில் நின்றார். இம்முறை அவரை எதிர்த்து விடுதலைப் போரின் தளபதி ஜெனரல் உஸ்மானி உள்ளிட்டோர் நின்றனர். ஸியாவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 77 விழுக்காடு. வாக்களித்தோர் பாதியைச் சற்றே தாண்டினர். ஆளும் மாறவில்லை, நாடும் மாறவில்லை. எதிரே ஒரு பெயர் இருந்தது, அவ்வளவே வேறுபாடு. அந்த ஒரு பெயர் வந்தவுடன் 22 விழுக்காடு கரைந்து போயிற்று. வாக்கெடுப்பு நடந்த அதே மே 30-ஆம் நாளில், 1981-இல், சிட்டகாங் நகரில் இராணுவ அதிகாரிகளால் ஸியா சுட்டுக் கொல்லப்பட்டார். 98.9 என்னும் எண் அவருக்குக் காவலாக நிற்கவில்லை.

அவ்வாறாயின் நூற்றை நெருங்கும் எண்கள் யாவும் பொய்யோ? அதுவும் அன்று. செங்கடலின் வாயிலில் அமைந்த ஜிபூத்தி, முஸ்லிம்கள் வாழும் சிறு நாடு. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் அதன் மக்களிடம் 1958-இலும் 1967-இலும், பிரான்சோடு இருக்கிறீர்களா என்று கேட்கப்பட்டது. 1967-இல் ஏறத்தாழ 60 விழுக்காடு ‘ஆம்’ என்று எண்ணப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே சோமாலியர் ஆயிரக்கணக்கில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டிருந்தனர். முடிவு வெளியானதும் கலவரம் மூண்டது. 1977 மே 8 அன்று மூன்றாம் முறையாகக் கேட்டபோது, 99.8 விழுக்காடு விடுதலையை விரும்பியது. ஜூன் 27-இல் ஜிபூத்தி தனி நாடாயிற்று; ஹஸன் குலீத் முதல் அதிபரானார். இங்கே 60 விழுக்காடு ஐயத்துக்குரியது; 99.8 மக்களின் உண்மையான வேட்கை. ஆகவே எண்ணைக் கொண்டு மட்டும் எதையும் தீர்மானிக்க இயலாது. ‘இல்லை’ என்று சொல்பவன் இரவில் தன் வீட்டில் அச்சமின்றி உறங்க முடியுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதே ஜிபூத்தி 1981-இல் ஒரே கட்சி நாடாக மாறியது என்பதையும் மறைப்பதற்கில்லை. விடுதலை வேண்டி இடும் வாக்கு, விடுதலைக்குப் பின் இடும் வாக்குகளுக்குப் பிணையாகிவிடாது.

இவற்றோடு ஆஸ்திரேலியாவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மே 21 அன்று அரசியல் சட்டத் திருத்தங்கள் நான்கு மக்கள் முன் வைக்கப்பட்டன. நீதிபதிகளுக்கு ஓய்வு வயது விதிப்பது உள்ளிட்ட மூன்று நிறைவேறின. இரு அவைகளுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தும் நான்காவது திருத்தத்துக்கு நாடு முழுவதும் 62 விழுக்காடு ஆதரவு இருந்தும் அது தோற்றது! ஆறு மாநிலங்களில் குறைந்தது நான்கில் பெரும்பான்மை வேண்டும் என்பது அங்கே விதி, மூன்றில்தான் கிடைத்தது. ஓரிடத்தில் 98.9 விழுக்காடு ஒருவரின் ஆசனத்துக்குக் கால் கொடுத்தது. வேறோரிடத்தில் 62 விழுக்காடு விதியின் முன் பணிந்து நின்றது. அரசு விரும்பியது தோற்கவும் கூடும் என்ற இடத்தில்தான் மக்களைக் கேட்பதற்குப் பொருள் இருக்கிறது.

ஆலமரமும் கஅபாவும்

முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் இந்தோனேசியாவில் மே 2 அன்று தேர்தல். சுஹார்த்தோவின் அரசு 1973-இலேயே எல்லாக் கட்சிகளையும் இரண்டாக இணைத்துவிட்டிருந்தது. இஸ்லாமியக் கட்சிகள் யாவும் ஐக்கிய முன்னேற்றக் கட்சி என்ற ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. ஏனையவை ஜனநாயகக் கட்சி ஆயின. இவ்விரண்டுக்கும் மேலே அரசின் அமைப்பான கோல்கார். வாக்குச்சீட்டில் கோல்காருக்கு ஆலமரம். ஜனநாயகக் கட்சிக்குக் காளையின் தலை. முன்னேற்றக் கட்சிக்குப் புனித கஅபாவின் வடிவம்.

அரசு ஊழியர் யாவரும் கோல்காருக்கே விசுவாசம் காட்ட வேண்டும் என்ற நிலை. சிற்றூர்களில் கட்சிகள் கிளை வைத்துப் பணியாற்றவும் தடை. ஆலமரம் 62 விழுக்காடு பெற்றது. முன்னேற்றக் கட்சி 29 விழுக்காடு பெற்று, தலைநகர் ஜகார்த்தாவிலும் அச்சே மாநிலத்திலும் முதலிடம் பிடித்தது. அத்துணைத் தடைகளுக்கு இடையேயும் கிடைத்த அவ்வெற்றி அரசுக்கு உறுத்தியது. 1980-களின் நடுவில் கட்சிகள் யாவும் அரசின் பஞ்சசீலக் கொள்கையையே ஒரே அடிப்படையாக ஏற்க வேண்டும் என்று ஆக்கியபோது, கஅபாவும் சின்னமாக இருக்க இயலாமற் போயிற்று. 1987 தேர்தலில் அவ்விடத்தில் ஒரு விண்மீன் வந்தது.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அடக்கப்பட்ட ஒரு சமுதாயம் தன் இறுதி அடையாளமாகப் புனிதச் சின்னத்தைப் பற்றிக்கொண்டதை நம்மால் உணர முடிகிறது. அதே வேளையில், புனிதமானது வாக்குச்சீட்டில் ஏறினால் விளையும் சங்கடத்தைப் பிற்காலப் பாகிஸ்தான் காட்டியது. 1984 டிசம்பர் 19-இல் ஜெனரல் ஸியாவுல் ஹக் நடத்திய வாக்கெடுப்பில், நாட்டின் சட்டங்களை இஸ்லாமிய நெறிக்கு ஏற்ப அமைக்கும் பணியை ஆதரிக்கிறீர்களா என்பது கேள்வி. ‘ஆம்’ என்றால் ஜெனரலுக்கு ஐந்தாண்டு அதிபர் பதவி! எந்த முஸ்லிம் ‘இல்லை’ என்று எழுதுவான்? மார்க்கத்துக்கு ‘ஆம்’ சொன்ன கையைக் கொண்டே ஒரு மனிதரின் பதவிக்கும் ‘ஆம்’ சொல்ல வைத்த வினா அது. மக்களில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிக்கே செல்லாமல் வீட்டில் இருந்தனர். அவர்களுக்குக் கிட்டியிருந்த ஒரே ‘இல்லை’ அதுவாகத்தான் இருந்தது.

துருக்கியில் ஜூன் 5 அன்று நடந்த தேர்தலின் கதை வேறு. எண்ணிக்கையில் பெருங்குறை இல்லை. பூலன்ட் எஜெவித்தின் மக்கள் குடியரசுக் கட்சி 450 இடங்களில் 213 பெற்று முதலில் நின்றது. பெரும்பான்மைக்கு 13 இடங்கள் குறைவு. சுலைமான் டெமிரலின் கட்சிக்கு 189; நஜ்முத்தீன் எர்பகானின் கட்சிக்கு 24. இரு பெருந்தலைவர்களும் கைகோத்திருந்தால் நாடு நிலைபெற்றிருக்கும். ஒருவர் அமைத்த அரசை மற்றவர் கவிழ்ப்பதிலேயே காலம் கழிந்தது. தெருக்களில் இடசாரி, வலசாரி இளைஞர்கள் ஒருவரை ஒருவர் சுட்டு மாய்ந்தனர். 1980 செப்டம்பர் 12-இல் படை வந்து அனைவரையும் வீட்டுக்கு அனுப்பியது. வாக்கை எண்ணத் தெரிந்தும், எண்ணியதைக் கொண்டு வாழத் தெரியாமற் போனதன் விளைவு அது.

கொழும்பு: அளவு மீறிய வெற்றி

நமக்கு மிக அண்மையிலுள்ள இலங்கையில் ஜூலை 21 அன்று தேர்தல். 1970-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், 1972-ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் வழியே தன் காலத்தை நீட்டித்துக்கொண்டு ஏழாண்டுகள் இருந்தது. மக்கள் காத்திருந்தார்கள். ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140-ஐ அள்ளியது. சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் சுதந்திரக் கட்சி எட்டு இடங்களாகச் சுருங்கியது. இடதுசாரிகள் ஓரிடமும் பெறவில்லை. தனித் தமிழ் ஈழக் கோரிக்கையை முன்வைத்துப் போட்டியிட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்கள் பெற, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஏ.ஸி.எஸ். ஹமீது வெளிநாட்டு அமைச்சர் பொறுப்பேற்றது முஸ்லிம்கள் மகிழ்ந்த செய்தி.

இந்த எண்களைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். 140 இடங்கள் பெற்ற கட்சிக்கு விழுந்த வாக்கு 51 விழுக்காடு. ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டே இடங்கள். அதனினும் மிகக் குறைந்த வாக்குப் பெற்ற கூட்டணிக்கு, அவ்வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் திரண்டிருந்தமையால், 18 இடங்கள். எண்ணிக்கையில் சூதில்லை, தொகுதி முறையின் இயல்பு அது. ஆயினும் மக்களில் பாதிப்பேர் கொடுத்த வாக்கு, ஆறில் ஐந்து பங்கு அதிகாரமாக மாறியது. யாப்பை விரும்பியவாறு மாற்றும் வலிமை ஒரே கட்சியின் கைக்கு வந்தது.

அவ்வலிமை எவ்வாறு பயன்பட்டது? ஆகஸ்டிலேயே தமிழர்களுக்கு எதிரான வன்செயல்கள் பல ஊர்களில் மூண்டன. 1978-இல் நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி முறை வந்தது. 1980-இல் சிறிமாவோ அம்மையாரின் குடியுரிமைகள் பறிக்கப்பட்டன. அதனால் 1982-இல் ஜனாதிபதித் தேர்தலில் அவரால் நிற்க முடியவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 22-இல், பொதுத் தேர்தல் நடத்துவதற்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. விளக்குச் சின்னத்துக்கு வாக்களித்தால் இருக்கும் நாடாளுமன்றமே மேலும் ஆறாண்டுகள் தொடரும். குடத்துக்கு வாக்களித்தால் தேர்தல் வரும். விளக்கு 54 விழுக்காட்டுக்குச் சற்று மேல் பெற்றது. 1977-இல் கிடைத்த பெரும்பான்மை தேர்தலின்றியே 1989 வரை நின்றது. ஏழே மாதங்களில், 1983 ஜூலையில், கொழும்பு எரிந்தது. விளக்கு என்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் வெளிச்சம் வந்துவிடாது.

ஸ்பெயின்: வென்றவரின் அடக்கம்

முன்னொரு காலத்தில் குர்துபாவும் கர்னாத்தாவும் விளங்கிய ஸ்பெயின் மண்ணில், ஜூன் 15 அன்று, 41 ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாகச் சுதந்திரமான தேர்தல் நடந்தது. அதற்கு முந்தையது 1936 பிப்ரவரியில். அவ்வாண்டே உள்நாட்டுப் போர் மூண்டு, பிராங்கோவின் சர்வாதிகாரம் நிலைபெற்று, 1975 நவம்பரில் அவர் இறக்கும்வரை நீடித்தது.

பிரதமர் அடோல்ஃபோ சுவாரெஸ், பிராங்கோவின் ஆட்சியிலேயே வளர்ந்தவர். ஆயினும் தேர்தலுக்கு இரண்டு மாதங்கள் முன்னர், ஏப்ரல் 9-இல், படைத்தலைவர்கள் வெகுண்டபோதும் கம்யூனிஸ்ட் கட்சிமீதிருந்த தடையை நீக்கினார். எதிரி இல்லாத களத்தில் பெறும் வெற்றி வெற்றியாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1936-இல் உறுப்பினராக இருந்து, பின்பு மாஸ்கோவில் நெடுங்காலம் அகதியாய்க் கழித்த டோலோரஸ் இபாரூரி அம்மையார், அதே அஸ்தூரியாஸ் பகுதியிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

350 இடங்களில் சுவாரெஸ் அணிக்கு 165, சோசலிஸ்டுகளுக்கு 118, கம்யூனிஸ்டுகளுக்கு 20. வென்றவர் தோற்றவரை ஒதுக்கவில்லை. அக்டோபரில் பொது மன்னிப்புச் சட்டம் வந்தது. பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்க எல்லாக் கட்சிகளும் மொன்க்ளோவா மாளிகையில் உடன்படிக்கை கண்டன. புதிய அரசியல் சட்டத்தை எழுதிய எழுவருள் இடசாரியும் வலசாரியும் இருந்தனர். 1978 டிசம்பர் 6-இல் மக்கள் அதை ஏற்றனர். 1981 பிப்ரவரி 23 அன்று ஆயுதம் ஏந்திய காவல் படையினர் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தபோது அச்சதி ஓர் இரவுக்குமேல் நிற்கவில்லை. அனைவரும் சேர்ந்து கட்டிய வீட்டை இடிக்க அனைவரையும் அல்லவா எதிர்க்க வேண்டும்?

வரிசையில் நிற்க முடியாதவர்கள்

ஆண்டின் இறுதியில், நவம்பர் 30 அன்று, தென்னாப்பிரிக்காவில் ஒரு தேர்தல். ஆளும் தேசியக் கட்சிக்கு 165 இடங்களில் 134. அதன் வரலாற்றிலேயே மிகப் பெரிய வெற்றி. ஆனால் வாக்களித்தோர் வெள்ளையர் மட்டுமே. நாட்டின் பெரும்பான்மையரான கறுப்பின மக்கள், நம் தமிழர்கள் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினர், கேப் நகரின் மலாய் முஸ்லிம்கள் ஆகிய எவரும் அவ்வரிசையில் நிற்க முடியாது. அவ்வாண்டு செப்டம்பர் 12-இல் ஸ்டீவ் பீக்கோ என்னும் இளந்தலைவர் காவலில் மாண்டார். அதற்கு எட்டாண்டு முன்னர், 1969 செப்டம்பரில், கேப் நகரின் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் அவ்வாறே காவலில் ஷஹீதானார். சீட்டும் பெட்டியும் எண்ணிக்கையும் அங்கே ஒழுங்காகவே இருந்தன, மக்களே இல்லை. 1994 ஏப்ரல் 27 அன்றுதான் அம்மக்கள் மைல் கணக்கில் நீண்ட வரிசையில் நின்று தம் முதல் வாக்கை இட்டார்கள்.

முடிவுரை

ஓராண்டின் கணக்கு இது. இதனின்றும் நாம் பெறும் பாடம் யாது?

தேர்தல் நடந்தது என்பதால் மட்டும் ஒரு நாடு தன்னைத் தானே ஆள்வதாகாது. எதிரே நிற்க ஒருவர்க்கு உரிமை வேண்டும். லர்கானாவிலும் டாக்காவிலும் அது இல்லை. ‘இல்லை’ என்பவனுக்கு அச்சமின்மை வேண்டும். கெய்ரோவில் அது இல்லை. எல்லோர்க்கும் வரிசையில் இடம் வேண்டும்; தென்னாப்பிரிக்காவில் அது இல்லை. இவை யாவும் இருந்தும், வென்றவர் தம் வெற்றிக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். கொழும்பில் அது இல்லை.

டெல்லியிலும் வென்றவர்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. ஜனதா 1979-இல் சிதறியது. 1980 ஜனவரியில் அதே மக்கள் இந்திரா காந்தி அம்மையாரை மீண்டும் அழைத்து வந்தார்கள். ஆயினும் அந்த இடைக்காலத்தில், 1978-இல், 44-ஆவது திருத்தம் நிறைவேறியது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணத்தைக் காட்டி நெருக்கடி நிலை கொண்டுவர இனி இயலாது. ‘ஆயுதக் கிளர்ச்சி’ இருந்தாக வேண்டும் என்று சட்டம் மாறியது. 1977 மார்ச்சில் துர்க்மான் கேட் மக்கள் இட்ட வாக்கு, அவர்களின் இடிந்த வீடுகளை எழுப்பித் தரவில்லை. ஆனால் நாளை வேறொருவரின் வாசலுக்கு அந்த இயந்திரம் எளிதில் வந்துவிடாதபடி சட்டத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டுச் சென்றது.

ஒரு துண்டுக் காகிதத்தால் ஆகக்கூடியது அவ்வளவே. அது சிறிதன்று. வாக்குச்சாவடிக்குச் செல்வதற்கு வெயிலையும் வரிசையையும் காரணம் காட்டித் தயங்கும் நம் வீட்டு இளைஞர்களுக்கு, 1977-இல் யார் வென்றார் என்பதைக் காட்டிலும், யாரால் வரிசையில் நிற்கவே முடியவில்லை என்பதைச் சொல்லி வைப்போமாக.